ஆள் இறங்கியாச்சா

கரண்ட் போனதை எங்கள் ஊர் எத்தனை விதமாகச் சொல்லும் என்று கேட்டால், மூச்சு விடாமல் சொல்வேன். போச்சு. பூட்ச்சி. புட்டுக்கிச்சு. கண்ணடிச்சிட்டுப் போயிடுச்சு. மினுக்கு மினுக்குன்னு இருந்துது, அப்புறம் ஆளையே காணோம். எதிர்வீட்டுல ஜெகஜோதியா இருக்குது, நாங்க இன்னா பாவம் பண்ணோம். ஃபேன் சுத்துதுப்பா, ஆனா பிச்சைக்காரனுக்குச் சுத்தற மாதிரி சுத்துது. தறிமேல பல்பு செவந்து போய்க் கெடக்குது, இழை தெரியல, கைய எடுத்துட்டு ஒக்காந்துக்கினு இருக்கோம்.

இவற்றை ஒரு இயந்திரத்துக்குப் புரியவைப்பதுதான் என் வேலை. கண்ணடித்தது என்றால் எங்கோ மரக்கிளை கம்பியில் உரசியிருக்கிறது. எதிர்வீட்டில் இருக்கிறது என்றால் மூன்றில் ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கிறது. பல்பு சிவந்தது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்க முடியாத பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் போனில் சொல்வதை அது எழுத்தாக்கும். நான் படித்துப் பார்த்து, இது கோபம், இது கேலி, இது நிஜமான ஆபத்து என்று குறி வைப்பேன். நாலைந்து பத்திரிகைகளில் உரைநடையும் கவிதையும் கலந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தவள் நான். நடுவயதில் வேலை தேடிப் போனபோது, இந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்தால் புரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அறை வாலாஜாபாத் ரோட்டில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஒரு திரை. அதில் எங்கள் சுற்றுவட்டாரம் பச்சைக் கோடுகளாகக் கிடக்கும். பெரிய காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்கள் நெருக்கிப் பின்னிய கோடுகள். வாலாஜாபாத் அரிசி ஆலைகள் தடித்த கோடுகள். தாமல் பக்கம் ஏரிப் பாசனத்துக்கு அப்பால் இருக்கும் மோட்டார் கொட்டகைகள் மெல்லிய கோடுகள், நீண்டு நீண்டு போய் ஒற்றைப் புள்ளியில் முடியும். தொழிற்சாலைகள் ஓயாமல் துடிக்கும் கோடுகள். எங்காவது கரண்ட் நின்றால் பச்சை சாம்பலாகும். பழுது எந்தக் கம்பத்தருகே என்று இயந்திரம் யோசித்துச் சொல்லும். பழுதான துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றத் தெருக்களுக்கு வேறு வழியாகத் தானே கரண்டைத் திருப்பிவிடும். முன்பு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கூட்டம் ஆள் சைக்கிளிலும் வண்டியிலும் அலைந்து செய்த வேலை. இப்போது மூன்று நாற்காலி.

இந்த இயந்திரத்தை அமைத்துக் கொடுத்த கம்பெனியின் மேலாளர் ஒருமுறை வந்து அந்த நாற்காலிகளின் முதுகைத் தட்டிக் காட்டிச் சொன்னார். "நாளைக்கு இதே ரூம், இதே மூணு சேர், பத்து ஊரைப் பாத்துக்கும். ஏஐயோட அழகே அதுதான். ஊர் பெருசாகும், ரூம் பெருசாக வேண்டாம்."

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அன்றும் சுவரோரமாக நடந்துகொண்டேதான் அதைக் கேட்டேன். பத்து ஊர். பத்து ஊரின் இருட்டும் ஒரு சுவரில். அது எனக்குப் பயமாகவும் இருந்தது, அழகாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று இன்றுவரை தெரியவில்லை.

என் தம்பி வயர்மேன். நாங்கள் தறிக்குழிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள். அண்ணன் தறியில் இருக்கிறான். நான் எழுத்தில் விழுந்தேன். தம்பி கம்பம் ஏறினான். கீழே ஆள் நிற்க, மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை என்று ஆசைப்பட்டு ஏறினதாகச் சொல்வான். எங்கள் அறையின் இயந்திரத்தை என்னைவிட அவனுக்குத்தான் பிடிக்கும்.

"முந்தியெல்லாம் மழையில ஒவ்வொரு கம்பமா கட்டிப் புடிச்சிக்கினு திரிவோம்க்கா. எந்தக் கம்பத்துல கோளாறுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இப்ப போன்ல வருது பாரு, இன்னார் தெரு, இத்தனாவது கம்பம், மேல் இன்சுலேட்டர்னு. போய்ப் பாத்தா கரெக்டா அங்கதான் வெடிச்சிக்கினு கெடக்குது."

"நான் சொல்லிக் குடுத்தது."

"நீ இன்னா சொல்லிக் குடுத்த? புட்டுக்கிச்சுன்னா இன்னா அர்த்தம்னு சொல்லிக் குடுத்த. மிச்சம் அதுவா கத்துக்கினு இருக்குது. அரிசி மில்லாண்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நல்லா ஓடிக்கினு இருக்குது. ஜொரம் வந்து கெடக்குது, போய்ப் பாருன்னு மெசேஜ். கை வெச்சா கொதிக்குது. எம் பொண்டாட்டிக்குக்கூட எனக்கு ஜொரம்னு அவ்ளோ சீக்கிரம் தெரியாது."

அவன் மனைவி சமையலறையிலிருந்து, "ஜொரம் வந்தாதான தெரியும். நடிச்சா எப்படித் தெரியும்?" என்றாள்.

வயர்மேன்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கரண்டைத் திரும்ப விடுவதற்கு முன்னால், ஃபோர்மேன் தெரு நடுவில் நின்று குரல் கொடுப்பார்: "ஆளு எறங்கியாச்சா?" ஒவ்வொருவனும் தன் குரலில் "எறங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். கால் தரையில் பட்ட பிறகு சொல்ல வேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக் கூடாது. கண் எதிரே அவன் இறங்கி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தாலும், அவனே வாயைத் திறக்கும்வரை ஃபோர்மேன் காத்திருப்பார். ஒரு குரல் குறைந்தால் கரண்ட் வராது.

அந்த ஃபோர்மேன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்துக் கம்பத்தில் இருந்தவனுக்காகத் தானே பதில் சொன்ன நாள் ஒன்று இருந்தது. இறங்கிவிட்டான் என்று நினைத்துச் சொன்னார். அதற்கு மேல் தம்பியும் சொல்வதில்லை, அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. செத்துப்போனவன் வீட்டுப் பொங்கலுக்கு வருஷம் தவறாமல் கரும்பு எடுத்துக்கொண்டு போவார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

பங்குனித் தேர் வந்தது. எங்கள் அறை வந்த பிறகு வந்த முதல் தேர்.

தேர் நாளில் ராஜவீதிகளில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். தேர் உயரம், கம்பி தாழ்வு. முன்னால் ஒரு குழு போய்க் குறுக்குக் கம்பிகளை அவிழ்த்துத் தாழ்த்திக்கொண்டே போகும். தேர் அசைந்து அசைந்து கடந்ததும், பின்னால் வருகிறவர்கள் கம்பம் ஏறி மறுபடி இழுத்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். என் தம்பி பின் குழுவில் கடைசி ஆள். தேர் வடம் பிடிக்கிறவர்களுக்கும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கும் காப்புக் கட்டுவதுபோல இந்த வயர்மேன்களுக்கும் கையில் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள். கட்டியாகிவிட்டால் அன்றைக்கு அவர்கள் கரண்ட் ஆள் இல்லை, தேர் ஆள். விடியற்காலையில் குளித்து, வேட்டியை வரிந்து கட்டி, செருப்பில்லாத கால். இடுப்பில் தோல் பெல்ட்டுக்குப் பதில் கயிறு. ரப்பர் கையுறை மட்டும் உண்டு. "ரப்பருக்குச் சாமி ஒண்ணும் சொல்லாது" என்பான் தம்பி. ஆனால் கட்டுக்கம்பியைக் கையுறையோடு முறுக்க முடியாது. கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு வெறுங்கையால்தான் முறுக்குவான்.

பையில் எதுவும் இருக்கக் கூடாது. பர்ஸ், பீடிக்கட்டு, சாவி, போன் எல்லாவற்றையும் தேர் நிலைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் ஒரு காலிக் கூடையில் போட்டு வாழையிலையால் மூடி வைப்பாள். அவளுக்கு முன்னால் அவள் மாமியார் அதே இடத்தில் மூடி வைத்தாளாம். அப்போது போன் இல்லை, பொடி டப்பா.

எனக்குத் தேர் பார்க்கக் கிடைக்கவில்லை. காலை ஷிப்ட். அறையில் நானும் ஷிப்ட் இன்ஜினியரும். தென் மாவட்டத்துப் பையன். வேலையில் பொறுப்பானவர், என்னை அக்கா என்பார். இன்னொரு நாற்காலிக்காரர் தேருக்கு லீவு போட்டிருந்தார். சுவரில் ராஜவீதிகள் மட்டும் சாம்பல் நிறமாகச் சதுரம் கட்டியிருந்தன. சுற்றிலும் எல்லாம் பச்சை. ஊர் நடுவில் சாம்பலால் ஒரு கோலம்.

தேர் நாளில் உள்ளூர்க்காரன் எவனும் கரண்ட் இல்லை என்று போன் பண்ணமாட்டான். வெளியூரிலிருந்து புடவை எடுக்க வந்தவர்கள் பண்ணுவார்கள். எழுத்தாகி வருவதைப் படித்துக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கடையிலிருந்து, ஏசி இல்லாமல் கல்யாணப் பெண் வேர்த்து ஊற்றுகிறாள் என்று ஒரு புகார். சற்றுப் பொறுத்து, மேற்கு ராஜவீதியிலிருந்து ஒரு பெண்: "தேர் எங்க ஊட்டாண்ட நின்னுப்போச்சு, நவுரவே இல்ல, கட்டை மாட்டிக்கிச்சாம். கொழந்தைக்குப் பால் காய்ச்சணும், இண்டக்ஷன் அடுப்புதான் இருக்குது, எப்ப வரும் கரண்ட்டு?" இது கோபமில்லை, கேலியில்லை, வெறும் கேள்வி. அப்படியே குறி வைத்தேன்.

எழுந்து நடந்தேன். திரும்பியபோது தெற்கு ராஜவீதியின் சாம்பல் கோடு மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று, மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்பினால் கம்பியில் கரண்ட் ஏறும்.

"சார், தெற்கு வீதி இன்னாத்துக்கு மஞ்சள் ஆவுது?"

அவர் எட்டிப் பார்த்தார். "வேலை முடிஞ்சிருச்சுக்கா. லைன்ல வேலை செய்யக் குடுத்த பெர்மிட் குளோஸ் ஆயிருச்சு. தானா ரிஸ்டோர் பண்ணுது."

"யாரு முடிச்சா?"

"யாரும் முடிக்க வேண்டாம்க்கா. வயர்மேன்க வேலை முடிஞ்சதும் போன்ல பட்டனை அமுக்க மறந்துருவாங்க. தெருவே இருட்டுல கிடக்கும். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. அவங்க போன் எல்லாம் லைனை விட்டு வெளிய போயி, ஒரே இடத்துல கொஞ்ச நேரம் அசையாம இருந்தா, வேலை முடிஞ்சு டீ குடிக்கிறாங்கன்னு எடுத்துக்கும். மத்த ஊர்ல எல்லாம் இதுதான். நல்லாத்தான் ஓடுது."

திரையைத் தொட்டுப் பெரிதாக்கிக் காட்டினார். குழுவின் ஆட்கள் எல்லாரும் பச்சைப் புள்ளிகளாக, கோயில் வாசலுக்கு எதிரே, ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தார்கள். ஒரு கூடை அளவு இடத்தில்.

கூடை அளவு இடம். பூக்காரம்மாவின் கூடை.

"சார், அது ஆளுங்க இல்ல. அது போனு."

"போன்தானக்கா ஆளு."

"தேர் நாள்ல போன் எடுத்துக்கினு போவமாட்டாங்க. தேர் இன்னும் மேற்கு வீதியில நிக்குது. பின்னால கட்டிக்கினு வர்றவங்க தெற்கு வீதியிலதான் இருப்பாங்க. என் தம்பி கம்பத்துமேல இருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். பாதி நிரம்பியிருந்தது. "தேர் மேற்கு வீதியிலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஷெட்யூல்படி தேர் நிலைக்கு வந்திருக்கணுமே."

அந்தப் பெண்ணின் வாக்கியத்தைக் காட்டினேன். பால் காய்ச்சணும். அது இந்த இயந்திரத்துக்குள்ளேதான் இருந்தது. அதன் காது கேட்டிருந்தது. அதன் கண்ணுக்கு அந்தக் காதோடு பேச்சுவார்த்தை இல்லை.

"ஒரு வார்த்தை ஃபோர்மேன்ட்ட கேட்டுருவோம்க்கா" என்று அவர் தன் போனை எடுத்தார். நான் அதற்குள் தம்பியைக் கூப்பிட்டிருந்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுக்கப்பட்டது.

"இன்னாமா, சொல்லு." பெண் குரல். பின்னால் உடுக்கை, நாதஸ்வரம், யாரோ ஐஸ் விற்கிற சத்தம்.

"பூக்காரம்மாவா? நான் அவனோட அக்கா. தம்பி எங்க?"

"தேர்க்குப் பின்னால போயிருக்காரும்மா. போனு இங்கதான் இருக்குது. எல்லார் போனும் கூடையிலதான் இருக்குது. இப்ப ஒண்ணு அடிக்குது பாரு, இது யாரோடதுன்னு தெரியல, சினிமாப் பாட்டு பாடுது."

அது ஃபோர்மேன் போன். எங்கள் இன்ஜினியர் கூப்பிட்டுக்கொண்டிருந்த போன். அவர் காதில் ஒலித்த மணியும், என் போன் வழியாக வந்த பாட்டும் ஒரே கூடையிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு எட்டில் திரைக்குப் போய் விரலை வைத்தார். நிறுத்து என்றார். இயந்திரம் காரணம் கேட்டது. பட்டியலில் மழை இருந்தது, தீ இருந்தது, விபத்து இருந்தது. மற்றவை என்பதைத் தொட்டார். உறுதியாகவா என்று கேட்டது. தொட்டார். வட்டம் நின்றது. மூடாத ஒரு சின்ன வாய் போல அந்த இடத்தில் வெள்ளையாகக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

அவர் திரையில் வைத்த விரலை எடுக்கவில்லை.

பிறகு அவர், "எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கட்டும்க்கா?" என்றார். "எப்ப விடறதுன்னு எனக்குத் தெரியாதே. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லயே."

அவர் கேட்டது சரி. சுவர் முழுக்கக் கோடுகள் இருந்தன, மனுஷன் எங்கே நிற்கிறான் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான் போனில் சொன்னேன். "அம்மா, அந்தக் கூடையத் தூக்கிக்கினு தெற்கு வீதிக்குப் போங்களேன். ஃபோர்மேன்கிட்ட போனைக் குடுக்கணும். ஆபத்துமா."

"கடைய யாரு பாத்துப்பா? தேர் அன்னைக்குத்தாம்மா வியாபாரம்."

"என் தம்பி உசுருமா."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்றாள். பக்கத்துக் கடைக்காரனிடம் தெலுங்கில் ஏதோ அதட்டினாள். பிறகு நடக்கத் தொடங்கினாள். போனை வைக்கவில்லை. வைக்கத் தெரியவில்லையா, வைக்க மனசில்லையா, தெரியாது. கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். ஜன்னலில்லாத எங்கள் அறைக்குள் தெரு வந்தது. வாழையிலை உரசும் சத்தம், வளையல், "வழி விடுப்பா, வழி விடு", ஜனங்களின் இரைச்சல், தூரத்தில் வடம் பிடிக்கிறவர்களின் கோஷம், வெயிலில் அழும் ஒரு குழந்தை, மோர் ஊற்றும் தகர டம்ளர். நான் நடக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதாக நினைவில்லை.

"ஐயா, போனு" என்று அவள் சொல்வது கேட்டது. "ஆபீஸ்ல இருந்து அந்தம்மா. ஆபத்துன்னு சொல்லுது."

ஃபோர்மேன் அதட்டினார். "காப்புக் கட்டின கையில போனைத் தொடமாட்டேன்னு தெரியும்ல உனக்கு?"

"நீங்க தொடாதீங்க. நான் காதாண்ட புடிக்கறேன். பேசுங்க."

நான் சொன்னேன். கரண்ட் வர இருந்தது. நிறுத்தியிருக்கிறோம். யாரெல்லாம் மேலே இருக்கிறார்கள்?

அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு, போன் உடைந்துவிடும்போல, தெருவைப் பார்த்து, தேரைத் தாண்டிக் கேட்கிற குரலில்:

"எல்லாரும் கீழ எறங்கு. கம்பிய விடு, எறங்கு. ஆளு எறங்கியாச்சா?"

எறங்கிட்டேன். பக்கத்திலிருந்து ஒரு குரல்.

எறங்கிட்டேன். கொஞ்சம் தள்ளி.

எறங்கிட்டேன். வயசான குரல், இருமலோடு.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கூட்டத்தின் இரைச்சல். இன்ஜினியர் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் மறுபடி கேட்டார். இந்த முறை குரல் சன்னமாக, கெஞ்சுவதுபோல. "ஆளு எறங்கியாச்சாடா?"

யாரோ ஒருவன், "வந்துக்கினுதான் இருக்கான், எறங்கிட்டான் விடுங்க" என்றான்.

"நீ மூடு வாய. அவன் சொல்லட்டும்."

என் தம்பியின் குரல் கூட்டத்துக்கு அப்பாலிருந்து வந்தது. கயிறு மாட்டிக்கொண்டதாம், அவிழ்க்க நேரமாகியிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒரே சொல். சின்ன வயசில் மாடியிலிருந்து இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்து, கடைசியில் அலுத்துக்கொண்டு சொல்வானே, அதே அலுப்பில்:

"எறங்கிட்டேன்பா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இன்ஜினியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முன்னால் வைத்தார். கொஞ்சம் மேஜைமேல் கொட்டியது. "இப்படி ஒரு குரல் குடுக்கிற வழக்கம் இருக்குன்னு யாரும் எங்ககிட்ட சொல்லலையேக்கா" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். யாரிடம் யார் சொல்வது? அங்கே கம்பத்தில் இருப்பவர்களுக்கு அது பேச்சு என்றே தெரியாது, மூச்சு விடுவதுபோல.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். மஞ்சள் கயிறு இன்னும் கையில் இருந்தது. பருப்புக் குழம்பு பிசைந்துகொண்டிருந்தவன் நான் சொல்வதைக் கேட்டுப் பிசைவதை நிறுத்தினான். முதலில் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"போனு நம்மகிட்ட பேசறதுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா. நம்மளப் பாக்கறதுக்குன்னு யாரு சொன்னா?"

அவன் மனைவி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவன் கேட்கவில்லை. போதும் என்றும் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் வீடியோவில் கூடிப் பேசினார்கள். என்னையும் உட்கார வைத்தார்கள். நல்ல மனிதர்கள், பதறித்தான் போயிருந்தார்கள். ஒருவர் இதை எட்ஜ் கேஸ் என்றார், ஓரத்தில் எப்போதோ நடப்பது என்றார். நான் எங்கள் வீட்டுத் தறியை நினைத்தேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு இழையையும் கையால் கோர்க்க வேண்டும். எங்கள் புடவையின் பலமெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லவில்லை. "இன்னும் பத்து ஊருக்குப் போகணும்னா, பத்து ஊர்லயும் தேர் இருக்குது சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு வில்லை தருகிறோம், அது ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லும் என்றார்கள். ஃபோர்மேன் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "வில்லை எங்க இருக்குதுன்னு சொல்லும். ஆளு எறங்கிட்டானான்னு சொல்லுமா? கழட்டிக் கம்பத்தடியில வெச்சிட்டு மேல ஏறுவான் எவனாவது." கடைசியில் ஒத்துக்கொண்டது இது: லைனில் ஆள் இருக்கும் வரை பெர்மிட் தானாக முடியாது. தேர் நாளில் மட்டுமில்லை, எந்த நாளிலும். இயந்திரம் கேட்கும். ஒவ்வொருவனும் தன் குரலில் சொல்ல வேண்டும். யார் குரல் யாருடையது என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு குரல் குறைந்தால் கரண்ட் வராது.

என்ன வார்த்தையில் கேட்கட்டும் என்று என்னிடம் கேட்டார்கள். பணி நிறைவடைந்ததா என்று ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். நான் அதை அடித்துவிட்டு ஃபோர்மேனின் வார்த்தையை எழுதினேன். எத்தனையோ பக்கம் எழுதிக் கிழித்திருக்கிறேன். அவ்வளவு பேர் உயிரைத் தாங்குகிற ஒரு வரியை நான் எழுதினது அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. அடுத்த பங்குனியில், காப்புக் கட்டிய கைகள் போனைத் தொடாது. அப்படியானால் தேருக்குப் பின்னால் அதை யார் எடுத்துக்கொண்டு போவது? பூக்காரம்மா, "ஒரு தடவ கடைய விட்டதே போதும்" என்றுவிட்டாள். நான் போகிறேன் என்றேன்.

அப்படித்தான் ஒரு பங்குனிக் காலையில், வெயில் ஏறாத தெற்கு ராஜவீதியில், செருப்பில்லாமல், தேருக்கும் என் தம்பிக்கும் பின்னால் நான் நடந்தேன். தேர் போன தடத்தில் பூவும் தேங்காய்ச் சில்லும் கிடந்தன. கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று போனோம். போன வருஷம் கயிறு மாட்டிக்கொண்ட கம்பத்தில் தம்பி ஏறினான். கையுறையைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டான். கட்டுக்கம்பியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரல்களால் முறுக்கத் தொடங்கினான்.

என் கையிலிருந்த போன் விழித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. ஒரு குரல் பாக்கி என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் எழுதிக்கொடுத்த ஃபோர்மேனின் வார்த்தையை, ஊர்ச் சாயல் ஒட்டாத ஒரு குரலில், பொறுமையாகக் கேட்டது:

"ஆள் இறங்கியாச்சா?"

தம்பி கீழே பார்த்தான். வாயில் கம்பியோடு, "இன்னும் இல்லன்னு சொல்லுக்கா" என்றான்.

"நான் சொல்லமாட்டேன்."

"ஒரு வார்த்தைதானேக்கா."

போனைத் தலைக்கு மேலே, என் கை எட்டுமட்டும் தூக்கிப் பிடித்தேன். அவன் பல்லிலிருந்து கம்பியை எடுத்துவிட்டு, குனிந்து, அதனிடம் சொன்னான்.

"இல்லபா. இரு."

அது இருந்தது. தெரு இருந்தது. சுற்றிலும் கடைகளில் விசிறிகள் நின்றபடி இருந்தன. எனக்குத் தோள் வலித்தது, கையை இறக்கவில்லை. அவன் முறுக்கி முடித்து, இழுத்துப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொரு அடியாகக் கீழே வந்தான். அது மறுபடி கேட்டது. அவனுடைய ஒரு கால் இன்னும் கம்பத்தில் இருந்தது. பதில் சொல்லவில்லை. மற்றக் காலும் தரையில், பூவும் தூசியும் கிடந்த இடத்தில், நன்றாகப் பதிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.